கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும் உரிமை

செருப்பு, புதுத்துணி, சைக்கிள், மோட்டார் சைக்கிள். இந்த நான்கு பொருள்களின் பெயரையும் இந்திய நாடாளுமன்றம் 2015ஆம் ஆண்டு ஒரு சட்டத் திருத்தத்தில் எழுதிவைத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்.ஏ)-வை எடுத்துப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் பொது இடத்தில் செருப்புப் போட்டு நடப்பதையோ, புதுத்துணி உடுத்துவதையோ, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையோ தடுத்தால் குற்றம். கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ ஏறுவதைத் தடுத்தாலும் குற்றம். 2016 ஜனவரி 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் செருப்பும் சைக்கிளும் ஏன் வருகின்றன? தடுத்துக்கொண்டே இருந்தார்கள், அதனால் வருகின்றன. சட்டம் வந்த பிறகும் நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதே காரணம் என்பது குடும்பத்தின் புகார். வண்டி ஓட்டும் உறுப்பு கை. வெட்டியவர்களுக்கு அது தெரிந்தேதான் இருந்திருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் காரைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரித் தம்பிகளும் தங்கைகளும் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். சிலர், "தோழர், கார் வாங்குறது நுகர்வு மோகம் இல்லையா? இயக்கத்துல இருக்கிறவங்களுக்கு அது எதுக்கு?" என்கிறார்கள். வேறு சிலர் செல்போனில் படத்தைக் காட்டி, "அண்ணா, இது ஆறு லட்சம்தான். மாசம் எட்டாயிரம் கட்டினா போதுமாம். செமயா இருக்கு இல்ல? வாங்கிடலாமா?" என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

நாங்கள் ஐந்து பேர். வட மாவட்டம் ஒன்றில், ஒரு காலனியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். இரண்டு பேர் ஆசிரியர்கள், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் செவிலியர், ஒருவர் எலக்ட்ரீஷியன். 2017இல் ஐந்து பேரும் காசு போட்டு, ஒன்பது வருடம் ஓடிய ஒரு சின்ன காரை 1,30,000 ரூபாய்க்கு வாங்கினோம். காலனிக்குள் முதன்முதலாக நிலையாக நின்ற கார் அதுதான். அதற்கு முன் காலனிக்கு கார் வந்தால் தேர்தல், இல்லையென்றால் சாவு.

வண்டி யார் ஓட்டுவது?

காரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் இரண்டு பயணங்கள் நினைவுக்கு வரும். இரண்டையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

முதல் பயணம் 1901இல். சின்னப் பையன். கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார். நல்ல உடை, தலையில் தொப்பி. நிலைய அதிகாரி கூட ஏதோ பெரிய வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் நினைத்தார். மகர் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் ஒருவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் ஒருவர் ஒத்துக்கொண்டார். இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார் என்பது ஏற்பாடு. காசு இருந்தது, வண்டி இருந்தது. தீண்டத்தகாத பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டும் மனம்தான் இல்லை.

இரண்டாவது பயணம் 1929இல், சாலிஸ்காவ் என்ற ஊரில். அப்போது அவர் வெளிநாட்டில் படித்து முடித்த பாரிஸ்டர். தீண்டத்தகாதோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். ரயிலில் இருந்து இறங்கியவரைக் குடியிருப்புக்கு அழைத்துப்போக வந்தவர்கள் வெகுநேரம் காக்கவைத்தார்கள். குதிரைவண்டிக்காரர்கள் யாரும் அவருக்கு வண்டி ஓட்டத் தயாராக இல்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தருவோம் என்றார்கள். தலைவரை நடக்கவிடுவது மரியாதைக் குறைவு என்று நினைத்த நம் மக்கள், பழக்கமில்லாத ஒருவரை ஓட்டவைத்தார்கள். பாலத்தில் சக்கரம் சிக்கி, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரியும். சாதி இருக்கும் நாட்டில் பயணம் என்பது தூரத்தைக் கடப்பது மட்டும் கிடையாது. வண்டி யாருடையது, யார் ஓட்டுகிறார், யார் பக்கத்தில் யார் உட்காருகிறார், எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று ஒவ்வொன்றிலும் சாதி கை வைக்கிறது. நம் தலைமுறையும் இதைப் பார்த்தது. 1997இல் விருதுநகர் மாவட்டத்தில் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம் செய்தார்கள். கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களில் இருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. அதே 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்த ஐந்து பேரையும், மதுரையில் இருந்து திரும்பிய பஸ்ஸை மறித்துத்தான் வெட்டிக் கொன்றார்கள்.

ஆகவே, "நமக்கு எதுக்கு கார்?" என்று கேட்கும் தோழர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறோம். நமக்குச் சொந்த வண்டி என்பது சொகுசுக் கணக்கில் மட்டும் வராது.

அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா?

சரி, கார் தேவை என்றே வைத்துக்கொள்வோம். அது ஏன் சிவப்பாக, பளபளவென்று, கூரையில் கறுப்புப் பட்டையோடு, ஜீப் மாதிரி தூக்கலாக இருக்க வேண்டும்? இளைஞர்களைக் குறிவைத்து விற்கப்படும் இந்தச் சின்ன கார்களில் எஞ்சினைவிட முகம்தான் முதலில் கண்ணில் படுகிறது. இதில் மயங்குவது சரியா?

நானோவின் கதையை வைத்து இதைப் பார்க்கலாம். 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் ஒரு லட்ச ரூபாய் கார் என்று ரத்தன் டாட்டா அதை உலகத்துக்குக் காட்டினார். மழையில் ஒரே ஸ்கூட்டரில் போகும் குடும்பத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்றார். நல்ல யோசனைதான். ஆனால் கார் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. சிங்கூரில் நிலத்துக்காக நடந்த போராட்டம், ஆலை குஜராத்தின் சனந்துக்கு மாறியது, சில கார்கள் தீப்பிடித்தது என்று காரணங்கள் பல. ஆனால் "உலகிலேயே மலிவான கார்" என்ற பெயரே அதற்குப் பெரிய பாரமாகிவிட்டது. பின்னாளில் ரத்தன் டாட்டாவே அப்படி விற்றது தவறு என்று ஒப்புக்கொண்டார். 2018இல் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோனது.

விளம்பரக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்கலாம். நமக்கு இருக்க முடியாது. ஸ்கூட்டரில் இருந்து காருக்கு மாறுகிறவர் எதைத் தேடி மாறுகிறார்? மழைக்கு ஒரு கூரை, சரி. கூடவே, "இவன் இல்லாதவன்" என்ற பார்வையில் இருந்து வெளியே வரவும்தான். அந்தப் பார்வையையே காரின் மேல் ஒட்டி விற்றால் யார் வாங்குவார்? மலிவுப் பொருள் வேண்டும், ஆனால் மலிவானவன் என்ற முத்திரை வேண்டாம். பிறந்ததில் இருந்தே முத்திரையோடு வாழ்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அம்பேத்கரின் கோட்டு சூட்டையும் அப்படித்தான் பார்க்கிறோம். நம்மை அழுக்காகவும் கிழிசலாகவும் மட்டுமே பார்க்க விரும்பிய ஒரு சமூகத்தின் முன்னால் அவர் மடிப்புக் கலையாமல் வந்து நின்றார். அவர் சிலைகள் எல்லாம் நீலக் கோட்டோடு நிற்பதற்கு அதுதான் அர்த்தம். நல்ல துணி, நல்ல செருப்பு, அழகான வண்டி. நம் பிள்ளைகள் இவற்றுக்கு ஆசைப்படும்போது "மோகம்" என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. மற்ற தெருப் பிள்ளைகள் ஆசைப்பட்டால் அது "டேஸ்ட்", நம் பிள்ளைகள் ஆசைப்பட்டால் "திமிர்". அந்தக் கணக்கை நாமே ஏன் எழுத வேண்டும்?

இந்தக் கார்கள் வேறு எங்கோ பிறப்பவையும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. 2015இல் வந்த குவிட் ஒரகடத்தில் தயாரானது. எங்கள் வகுப்பில் படித்த பையன்களில் சிலர் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளிகள். நைட் ஷிப்டில் ஆயிரக்கணக்கான கதவுகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டிய ஒரு தம்பி, அந்தக் கதவு ஒன்றைத் திறந்து உள்ளே உட்கார ஆசைப்பட்டால் அதை யார் குறைசொல்ல முடியும்?

ஊர்த்தெருவில் நானூறு மீட்டர்

எங்கள் காலனிக்கு மெயின் ரோட்டில் இருந்து இரண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு வழியாகப் போகும் தார் ரோடு, நானூறு மீட்டர். இன்னொன்று ஏரிக்கரை மண்பாதை, இரண்டு கிலோமீட்டர் சுற்று. எங்கள் தாத்தாக்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கடந்த தெரு அது. அப்பாக்கள் காலத்தில் செருப்பு காலுக்கு வந்தது. ஆனால் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார்கள்.

நாங்கள் கார் வாங்கிய இரண்டாவது வாரம் டீக்கடை முன்னால் ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். சத்தம் போடவில்லை. திட்டவில்லை. "தம்பிகளா, வண்டி வாங்கினது சந்தோசம். இந்தத் தெருவுல வரும்போது மட்டும் கண்ணாடிய இறக்கிட்டு வாங்க. உள்ள யாரு வர்றாங்கன்னு ஊருக்குத் தெரியணுமில்ல" என்றார்.

அன்று ராத்திரி காலனியில் பெரிய பேச்சு. வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும், "எதுக்குப்பா வம்பு? கண்ணாடிதானே, இறக்கிட்டுப் போங்க. நாளைக்கு ஏர் உழ, அறுப்புக்கு அவங்ககிட்டதானே போகணும்?" என்றார்கள். அதில் பயம் மட்டும் இல்லை, அனுபவமும் இருந்தது. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். பெங்களூருக்குப் போய் உழைத்துச் சேர்த்த வீடு, நகை, வண்டி எல்லாவற்றையும் தேடித்தேடி எரித்தார்கள். நாம் முன்னேறியதன் அடையாளம் எதுவோ அதன் மேல்தான் முதல் தீ விழுகிறது.

நாங்கள் ஐந்து பேரும் விடிய விடியப் பேசினோம். செருப்பைக் கழற்று என்பதும் கண்ணாடியை இறக்கு என்பதும் ஒன்றா? ஒன்றுதான். அடையாளம் காட்டிவிட்டுப் போ என்பதுதான் இரண்டும். காரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியாமல் போவதுதான் அந்தப் பெரியவரை உறுத்தியது. நமக்குக் காரில் கிடைத்ததும் அதேதான். நாலு பக்கமும் கண்ணாடியை ஏற்றிவிட்டால், கொஞ்ச நேரம் நாம் யாரோ ஒருவர். யாரும் "எந்தத் தெரு?" என்று கேட்க முடியாத ஒருவர்.

கண்ணாடியை இறக்குவதில்லை என்று முடிவுசெய்தோம். கூடவே இரண்டு காரியம் செய்தோம். எங்களில் வழக்கறிஞராக இருப்பவர் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கினார். யார் மேலும் புகார் இல்லை, இப்படிச் சொல்லப்பட்டது, பொதுச்சாலையைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் அதே 3(1)(இசட்.ஏ)-வில் வருகிறது என்ற தகவல் மட்டும். அடுத்து, காலனிப் பெரியவர்களை முறைபோட்டுக் காரில் ஏற்றி அந்தத் தெரு வழியாகவே ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனோம். தனியாக நாங்கள் மட்டும் போனால் அது ஐந்து பையன்களின் வீம்பு. ஆயாக்களும் தாத்தாக்களும் சேர்ந்து போனால் அது காலனியின் முடிவு.

எங்கள் காரில் ஏ.சி. வேலை செய்யாது. மே மாத வெயிலில் நாலு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு அந்த நானூறு மீட்டரைக் கடப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். தெரு முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணாடியை இறக்குவோம். ஒரு ஆயா, "இதுக்கு நடந்தே வந்திருக்கலாம்டா" என்று சொல்லிச் சிரித்தது இன்னமும் காலனியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த ஆயாதான் அடுத்த முறையும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தது.

ஒரு ராத்திரி யாரோ இடது பக்கம் முழுக்க ஆணியால் கீறிவிட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மேலும் நடக்கக்கூடிய ஊர்கள் இருக்கின்றன என்பதால்தான் சொல்கிறோம்: எங்கள் ஊரில் சரிப்பட்ட வழியை உங்கள் ஊரில் அப்படியே செய்யாதீர்கள். உங்கள் காலனியோடு பேசுங்கள். தனியாக முடிவெடுக்காதீர்கள்.

மாதம் எட்டாயிரம் என்ற பொய்

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். ஆசை நியாயம். ஆனால் அந்த நியாயமான ஆசையை வைத்துத்தான் கடன்காரர்கள் நம்மைப் பிடிக்கிறார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள் எஞ்சின், இதுதான் அரசுக் கணக்கில் சின்ன கார். விலை குறைந்தது உண்மை. அதைக் காட்டி, "சம்பளச் சீட்டு கொடுங்க, நாளைக்கே சாவி" என்று போன் மேல் போன் வருகிறது. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

ஐந்து லட்சம் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, ஏழு வருடம். மாதத் தவணை சுமார் 8,170 ரூபாய். ஏழு வருடத்தில் கட்டும் வட்டி மட்டும் சுமார் 1,86,000. அதே கடனை ஐந்து வருடத்தில் கட்டினால் தவணை 10,500 ஆகும். ஆனால் வட்டி 1,30,000தான். தவணை சின்னதாகத் தெரிவதற்கு நாம் கொடுக்கும் விலை 56,000 ரூபாய். இதோடு மாதம் 600 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் மூவாயிரத்துக்கு மேல். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரமாவது எடுத்துவைக்க வேண்டும். எட்டாயிரம் என்று சொன்னது பதின்மூன்றாயிரத்துக்கு மேல் வந்து நிற்கும். இருபத்தைந்தாயிரம் சம்பளத்தில் இது பாதி. அப்புறம் அம்மாவின் மருந்துக்கும் தங்கையின் ஃபீசுக்கும் யாரிடம் கை நீட்டுவீர்கள்?

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு வேறொரு பொறி. "ஃபிளாட் பத்து பர்சென்ட்" என்பார்கள். மூன்று லட்சம் கடன், நாலு வருடம், ஃபிளாட் பத்து என்றால் வட்டி 1,20,000. மாதம் 8,750. நாம் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வருகிறோம், ஆனால் வட்டியை மட்டும் கடைசி வரை முழு மூன்று லட்சத்துக்கும் போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி 17 சதவீதத்தைத் தாண்டுகிறது. கையெழுத்துப் போடும் முன் "ஃபிளாட்டா, ரெட்யூசிங்கா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இதிலும் சாதி வராமல் இல்லை. எங்களில் செவிலியராக இருக்கும் தங்கை 2022இல் தன் பெயரில் புது கார் எடுக்கப் போனார். அரசு வேலை, சம்பளச் சீட்டு, ஒழுங்கான சிபில் ஸ்கோர் எல்லாம் இருந்தது. வீட்டை நேரில் பார்க்க வந்த ஒரு தனியார் நிதி நிறுவன ஆள், முகவரியில் காலனி என்று பார்த்ததும் பைக்கில் இருந்தே இறங்கவில்லை. "நெகட்டிவ் ஏரியா" என்று எழுதிவிட்டுப் போனார். அதே சம்பளம், அதே வேலை, ஊர்த்தெருவில் வீடு என்றால் அது பாசிட்டிவ் ஏரியா. தங்கை விடவில்லை. தன் சம்பளக் கணக்கு இருக்கும் பொதுத்துறை வங்கிக்குப் போய், மேலாளர் முன் உட்கார்ந்து, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்றார். எழுத்தில் யாரும் தரவில்லை. பத்து நாளில் கடன்தான் வந்தது.

ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உங்கள் பெயராக இருக்கட்டும். பழைய கார் என்றால் படிவம் 29, 30 போட்டு உடனே பெயர் மாற்றுங்கள். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடன் முடிந்ததும் வங்கியிடம் என்.ஓ.சி. வாங்கி, படிவம் 35 கொடுத்து வங்கியின் பெயரை நீக்குங்கள். எத்தனையோ பேர் கடைசித் தவணை கட்டிய சந்தோசத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். நிலத்துக்குப் பட்டா எப்படியோ அப்படித்தான் வண்டிக்கு ஆர்.சி. பட்டா கையில் இல்லாமல் நம் நிலங்கள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும்.

மலிவான கார், மலிவான உயிரா?

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்பனையில் இருந்த ஐந்து சின்ன கார்களின் ஆரம்ப விலை மாடல்களைச் சுவரில் மோதிச் சோதித்தது. ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம். ஏர்பேக் போட்டால் காப்பாற்றக்கூடிய உயிர், விலை குறைந்த மாடல் என்பதால் விடப்பட்டது. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்பதே 2019 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன் தயாரான கார்களில் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பழைய கார் பார்க்கிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டுச் சோதனையே இருக்கிறது. சின்ன கார்களிலேயே நாலு, ஐந்து நட்சத்திரம் வாங்கியவை இருக்கின்றன. சன்ரூஃப் எத்தனை, திரை எத்தனை இன்ச் என்று கேட்கும் முன் நட்சத்திரம் எத்தனை என்று கேளுங்கள். தங்கை அப்படித்தான் தேர்ந்தெடுத்தார். ஆனால் நிறம் என்னவோ சிவப்புதான். "பாதுகாப்பும் வேணும், அழகும் வேணும், ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோன்னு என்கிட்ட யாரும் சொல்லாதீங்க" என்றார். நாங்கள் சொல்லவில்லை.

காருக்குள் யார்?

கார் சாதியை ஒழிக்காது. எவ்வளவு விலையுள்ள காரில் போனாலும் இறங்கியதும் "தம்பி எந்த ஊர்ப் பக்கம்?" என்ற கேள்வி வாசலில் நிற்கும். மரியாதையைத் தவணையில் வாங்க முடியும் என்று நினைத்து யாரும் கடன் வாங்காதீர்கள். அது எந்த ஷோரூமிலும் கிடைக்காது. கார் கொடுப்பது வேறு. ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலி வந்தால் யார் வீட்டு வாசலிலும் போய் நின்று கெஞ்ச வேண்டியதில்லை. வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவாகப் போனால், கடைசி பஸ் போய்விடுமே என்று பாதிக்கப்பட்டவரின் பேச்சைப் பாதியில் நிறுத்த வேண்டியதில்லை. நீட் எழுதவும் குரூப் தேர்வு எழுதவும் அறுபது கிலோமீட்டர் போகும் பிள்ளைகளை, நாலு நாலு பேராகக் காலையில் கொண்டுபோய் இறக்கலாம். எங்கள் பழைய கார் அதைத்தான் செய்தது, இன்னமும் செய்கிறது.

அதற்காக பஸ்ஸை மறந்துவிடக் கூடாது. கார் வைத்திருப்பவர்கள் நம்மில் எப்போதும் சிலர்தான். 2021 மே மாதத்தில் இருந்து தமிழ்நாட்டில் பெண்களுக்கு நகரப் பேருந்து இலவசம். ஆனால் அந்த பஸ் ஊர் எல்லையிலேயே திரும்பிவிட்டால் காலனிப் பெண்களுக்கு அந்த இலவசம் பாதிதான். எங்கள் காலனிக்குள் பஸ் வர வேண்டும் என்ற மனுவைக் கார் வாங்கிய பிறகும் நாங்கள் விடவில்லை. சொந்தக் கார் வந்ததும் பஸ் மனுவில் கையெழுத்துப் போட மறக்கிறவர், எங்கள் பார்வையில், கண்ணாடியை நம் பக்கமாக ஏற்றிவிட்டவர்.

இன்னொன்று. பையன்களுக்குக் கார் கனவு, பெண்களுக்கு வரதட்சணைக் கார் என்று ஆகிவிடக் கூடாது. பெண் வீட்டில் இருந்து கார் கேட்கிறவர் காரின் முன் கண்ணாடியில் எவ்வளவு பெரிய நீல ஸ்டிக்கர் ஒட்டினாலும் அதில் இருப்பவரை அவமதிக்கிறார் என்றுதான் பொருள். எங்கள் வகுப்பில் பதினெட்டு வயதான பெண்பிள்ளைகளுக்கு எல்.எல்.ஆர். போடவைப்பதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் அந்தப் பழைய காரில் கிளட்ச் பழகுகிறார்கள். இதுவரை ஒன்பது பேர் லைசென்ஸ் எடுத்துவிட்டார்கள். அதில் மூன்று பேர் வண்டியை ஊர்த்தெருவிலேயே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

எனவே தம்பிகளே, தங்கைகளே, வாங்குங்கள் என்றும் வாங்காதீர்கள் என்றும் நாங்கள் சொல்லப்போவதில்லை. ஆசைப்படுவதற்கு வெட்கப்படாதீர்கள். கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். 1929இல் சாலிஸ்காவ் மக்களிடம் அன்பு இருந்தது, மரியாதை இருந்தது, வாடகைக் காசும் இருந்தது. ஓட்டத் தெரிந்த ஒரு ஆள்தான் இல்லை.

அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். பெட்ரோல் காசை மட்டும் பங்குபோட்டுக்கொள்வோம்.

ஜெய்பீம்.